பாரணைக்கு மறுநாள்





ஆவடியில் வாழும் நம் சமூகச் சகோதரி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தசலட்சண பருவத்தின் பத்து நாட்களும் கொதித்தாறிய நீரன்றி வேறொன்றும் கொள்ளாது உபவாசம் இருந்தார். அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள் பாரணை. ஜினாலயத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, இளையோரை வணங்கச் செய்தோம். தவம் செய்தாரைப் போற்றுதல் முறையே. உபவாசத்திற்கு முன் 72 கிலோவாக இருந்த தம் எடை 67 ஆகிவிட்டதென்று அவர் நம் காதோடு சொன்னார், நாமும் மகிழ்ந்தோம். தைப்பொங்கலன்று அவரைக் கண்டபோது குறைந்த ஐந்து கிலோவும் திரும்பி வந்திருந்தன. துணைக்கு மேலும் இரண்டை அழைத்து வந்திருந்தன.

அடுத்த ஆண்டு அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்து, மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருந்தார். பருவம் வந்தது. சகோதரியோ மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், மாத்திரையையும் விடாமல், உபவாசத்தைத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள் விடியலில் வீட்டு வாயிலில் மயங்கி விழுந்தார். இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துபோயிருந்தது. அவர் மகன் எழுந்து பார்க்கச் சற்றே தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று எண்ணினும் நெஞ்சு நடுங்குகிறது.

மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருந்தபோது அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "அக்கா, பத்து நாள் நாவை வென்றேன் என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பதினோராம் நாள் முதல் என்னால் வெல்ல முடியவில்லையே! முழங்கால் மடங்கவில்லை, பகவான் முன் விழுந்து வணங்க முடியவில்லை, சாமாயிகத்திற்குக் கூடப் பின்வரிசையில் நாற்காலி போட்டுத்தான் அமர்கிறேன். நான் இருந்த தவம் பொய்யா?"

அன்று நம்மிடம் விடை இல்லை. ஏதோ ஆறுதல் கூறிவிட்டு வந்தோம். வீட்டிற்கு வந்து நம் உடலை நாமே கண்ணாடியில் பார்த்தபோது, அக்கேள்வி நமக்கும் உரியதே என்பது விளங்கிற்று. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் மிகை எடையுடையோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு இது. புலால் உண்ணாதவர், மது அருந்தாதவர் என்ற பெருமை நமக்கு உண்டு. ஆயினும் இக்கணக்கிற்கு வெளியே நாம் நிற்கவில்லை என்பதை நம் திருமண வீடுகளின் பந்தி வரிசையே சொல்லும்.

முதலில் ஐந்து கிலோ எங்கே சென்றது, எவ்வாறு திரும்பியது என்பதைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியுள்ளது. அமைதியாக இருக்கும் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி செலவிடுகிறார் என்று கொண்டால், பத்து நாட்களுக்கு 15,000. அவ்வளவும் கொழுப்பிலிருந்தே எடுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டாலும் குறைவது இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவே. எஞ்சிய மூன்று கிலோ? கல்லீரலிலும் தசையிலும் நீரோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருந்த மாவுச்சத்து முதலில் கரைகிறது. அதனுடன் பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. தசையும் ஓரளவு கரைகிறது. உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நீர் திரும்பிவிடும். இழந்த தசையோ அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. பாரணைக்குப் பின் உறவினர் வீடுதோறும் விருந்து. "பத்து நாள் பட்டினி கிடந்தாயே, உண்ணம்மா" என்று நெய் ஊற்றுவார்கள். ஊற்றியவர்களுள் நாமும் ஒருவர்.

ஆகவே அவர் தவம் பொய்யன்று. ஆனால் உபவாசத்தின் பயன் எடைக் குறைப்பும் அன்று. உபவாசம் என்னும் சொல்லுக்கு ஆன்மாவின் அருகில் உறைதல் என்பது பொருள். வினைகளை உதிர்ப்பதற்காக ஏற்கும் தவத்தை எடை பார்க்கும் இயந்திரத்தின் முன் நிறுத்தினால், அது எடுபடாமற் போவதில் வியப்பில்லை. உடலைச் சீராக வைத்துக்கொள்ளும் வழியை நம் ஆசாரியர்கள் வேறோர் இடத்தில் கூறியிருக்கிறார்கள். அவ்விடத்தைத்தான் நாம் புரட்டாமல் கடந்து போகிறோம்.

அவ்வழியைக் கூறியவர் ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர். நம் காஞ்சி மாநகரோடு மரபு இணைத்துப் பேசும் பெருமகனார். அவருக்குப் பஸ்மகம் என்னும் வியாதி வந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்டது அத்தனையும் சாம்பலாகி, மீண்டும் மீண்டும் பசி எடுக்கும் கொடிய நோய் அது. நாளுக்கொரு முறை நின்றவாறு கைகளில் ஏற்று உண்ணும் திகம்பர முனிவர் அந்நோயோடு எவ்வாறு வாழ்வார்? சல்லேகனை ஏற்று உடலைத் துறக்க அனுமதி வேண்டினார். குருவோ மறுத்துவிட்டார். "உன்னால் தர்மத்திற்கு ஆக வேண்டிய பணி இன்னும் உள்ளது, துறவுக் கோலத்தை நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை பெறுக" என்பது அவர் கட்டளையின் சாரம்.

பின்னர் அவர் வேறு கோலம் பூண்டு, சிவகோடி என்னும் அரசன் நாள்தோறும் பெருமளவில் அமுது படைத்த திருக்கோயிலை அடைந்து, அங்கே உணவு பெற்றார் என்பது கதை. அது காஞ்சி என்பாரும் உளர்; வாரணாசி என்பாரும் உளர். முதல் நாள் படைத்த அத்தனையும் தீர்ந்தது. சில நாள் சென்றபின் சிறிது மிஞ்சியது. பின்னர்க் கால் பங்கு மிஞ்சியது, பின்னர்ப் பாதி. மிஞ்சிய அந்தச் சோறே அவரைக் காட்டிக் கொடுத்தது. அரசன் முன் அவர் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதித்துப் பாடியதே ஸ்வயம்பு ஸ்தோத்திரம். சந்திரப்பிரப பகவானின் திருவுருவம் தோன்றிய அற்புதத்தில் நம் நெஞ்சம் உருகுகிறது, உருகட்டும். ஆயினும் இம்முறை அதற்கு முந்திய பகுதியில் சற்று நின்று பாருங்கள். அத்துணைப் பெரிய தவசியின் பசித்தீயும் ஒரே நாளில் அடங்கவில்லை. நாளுக்கு நாள் தட்டில் சிறிது மிஞ்சி மிஞ்சித்தான் அடங்கியது. உடலை வெறுத்து எறிய அவருக்கு அனுமதி கிடைக்கவும் இல்லை. மும்மணிகளைப் பயிலுதற்குரிய கருவி அது என்பதால் பழுது பார்த்து வரச் சொன்னார் குரு.

இந்த ஆசாரியர்தாம் இல்லறத்தார்க்கு இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளியவர். அதனைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. போக உபபோகப் பொருள்களை அளவு செய்துகொள்ளும் விரதத்தை விளக்குமிடத்தில் அவர் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். காலவரையறையோடு விடுவது நியமம். வாழ்நாள் முழுதும் விடுவது யமம். அடுத்து, எவ்வெவற்றில் நியமம் கொள்ளலாம் என்று ஒரு வரிசை தருகிறார். படுக்கை, நீராட்டு, பூச்சு, மலர், தாம்பூலம், ஆடை, அணிகலன், இசை என்று அது நீள்கிறது. அவ்வரிசையின் தலையில் நிற்பவை இரண்டு. முதலாவது உணவு. இரண்டாவது வாகனம்!

ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவும் இல்லாத காலத்தில், தேரும் குதிரையும் பல்லக்கும் செல்வர்க்கு மட்டுமே இருந்த காலத்தில், உணவை அடுத்து வாகனத்தை ஏன் வைத்தார்? உரையாசிரியர்கள் தரும் காரணங்கள் இருக்கட்டும். இவ்விரண்டும் அருகருகே நிற்பதைக் கண்ட அன்று நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். உடல் பருமனைப் பற்றி இன்றைய மருத்துவர் சொல்வதும் இவ்விரண்டைத்தானே? உள்ளே செல்வதைக் குறை, காலால் செல்.

நியமத்திற்குரிய கால அளவுகளையும் ஆசாரியர் சொல்லியுள்ளார். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரு மாதப் பருவம், ஆறு மாத அயனம். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு வாழ்ந்த நமக்கு இவ்வடுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதலில் புகட்டப்பட்ட பாடம். அரிச்சுவடி தொடங்கும் பிள்ளையிடம் செய்யுளைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் அது அழும். மறுநாள் பள்ளிக்கே வராது. பத்து நாள் முழுப் பட்டினியும், பின்பு முந்நூற்றைம்பது நாள் கட்டற்ற உணவும் என்பது அத்தகைய பாடமுறைதான். அளவு குறைத்த உணவை ஒரு பகலுக்கு ஏற்பவர் பட்சத்திற்கு ஏற்பார். பட்சத்திற்கு ஏற்றவர் அயனத்திற்கு ஏற்பார். நியமம் என்று தொடங்கியது ஒரு நாள் யமமாக நின்றுவிடும்.

அதே விரதத்திற்கு ஆசாரியர் ஐந்து குற்றங்களை எண்ணுகிறார். புலன்களின் நஞ்சை நஞ்சென்று கருதாமை, முன்பு நுகர்ந்ததை நினைந்து நினைந்து சுவைத்தல், இன்று மிகையாக அவாவுதல், இனி வரப்போவதற்கு ஏங்குதல், அளவிறந்து நுகர்தல். உபவாசத்தின் எட்டாம் நாள் பாரணைக்கு என்ன சமைக்கலாம் என்று பட்டியல் போட்டவர் நம் வீடுகளில் இல்லையா? நாம் போட்டிருக்கிறோம். பால் பாயசம் முதலிடத்தில் இருந்தது.

இனி அன்றாட உணவு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் புறத்தவம் ஆறு என்பார். அனசனம் என்னும் முழுப் பட்டினி முதலாவது. அதனையே நாம் பெரிதும் போற்றுகிறோம். இரண்டாவது அவமோதரியம், வயிறு நிறையாமல் உண்ணுதல். முதலாவதற்குப் பொன்னாடை உண்டு. இரண்டாவதற்கு இதுவரை எவருக்கும் பொன்னாடை போர்த்தி நாம் கண்டதில்லை. அதை யார் பார்க்கிறார்கள்? தட்டின் முன் அமர்ந்தவருக்கும் பரிமாறுபவருக்கும் மட்டுமே தெரிந்த தவம் அது. ஆண்மகனுக்கு 32 கவளம், பெண்ணுக்கு 28 கவளம் நிறைவான உணவு. அதிலிருந்து ஒன்றோ பலவோ குறைத்தல் அவமோதரியம் என்று முனிவர்க்கான நூல்கள் கணக்கிடுகின்றன. வயிற்றில் பாதியை உணவாலும், கால் பங்கை நீராலும் நிரப்பி, எஞ்சிய கால் பங்கைக் காற்று உலவ விடுக என்று மூலாசாரம் முனிவர்க்கு வழி காட்டுகிறது. ஒரு கவளம் குறைத்தாலும் தவம்தான் என்பதில் எத்துணைக் கருணை பாருங்கள்! எளியவர்க்கும் முதியவர்க்கும் நோயாளர்க்கும் அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

நம் அடுப்பங்கரையைச் சற்று நேர்மையாகப் பார்ப்போம். கந்தமூலம் விலக்கியவர் வீட்டில் உருளைக்கிழங்கு இல்லை, மெய்தான். அதனிடத்தில் வாழைக்காய் வந்து எண்ணெயில் பொரிகிறது. நோன்பு நாளன்று வெங்காயம் இல்லை. ஆனால் சோற்றின் மலை குறையவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, கீரையும் காயும் 400, பழம் 100, பாலும் தயிருமாக 300 மில்லி, கொட்டையும் விதையும் 35, எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று கூறியுள்ளது. தானியத்தைவிடக் காய் மிகுதி! நம் தட்டிலோ சோறு நடுவே மலையாகவும் காய் ஓரத்தில் ஊறுகாய்போலவும் இருக்கும். நாள் கணக்கு மறந்துபோகும். மாதக் கணக்குப் பாருங்கள். நால்வர் உள்ள வீட்டில் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து மாதத்திற்கு மூன்றேகால் கிலோ அளவே இதன்படி வரும். மளிகைச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம்; நம் வீட்டில் இருவருக்கே அவ்வளவு ஆகிக்கொண்டிருந்தது.

அவரை, கொத்தவரை, புடல், பீர்க்கு, சுரை, பூசணி, வெண்டை, முருங்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ என்று மண்ணுக்கு மேல் விளைவன எத்தனை! பூவிருந்தவல்லிச் சந்தையில் காலையில் இறங்கும் கீரைக்கட்டுகளைக் கண்டால், கந்தமூலம் விலக்கியவர்க்கு உண்ண என்ன இருக்கிறது என்று கேட்பவரிடம் சிரிப்புத்தான் வரும். பயறு, சுண்டல், கொள்ளு ஆகியவற்றில் புரதம் உண்டு. இளைக்கும்போது தசை கரையாமலிருக்க அது வேண்டும். முதியோர்க்கு மிகவும் வேண்டும். ஆய்ந்து, சுத்தம் செய்து, வேண்டுமளவு மட்டும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாவுக்கு மூன்று நாளே ஆயுள் என்று நம் முன்னோர் விதித்ததை, ஆறு மாதம் கெடாத பொட்டலம் வாங்கும் நாம் மறந்தே போனோம்.

இரவுணவைப் பற்றிப் பேசாமல் மேலே செல்ல இயலாது. சூரியன் மறையுமுன் உண்ணுதல் நம் குல அடையாளம். சென்னையில் கார்த்திகை மாதம் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைகிறது. ஆடி மாதம் ஆறு நாற்பதளவில் மறைகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து பிள்ளைகள் வீடு திரும்ப எட்டு மணி ஆகிறது. முறைவேலை உடையவர்க்கு நள்ளிரவும் ஆகிறது. அவர்களுக்காகக் காத்திருந்து ஒன்பதரைக்குச் சோறும் குழம்புமாக உண்டு, பத்து மணிக்குப் படுக்கும் வீடுகள் இன்று எத்தனை! வந்தவாசியிலும் ஆரணியிலும் நம் பெற்றோர் மாலை ஆறு மணிக்குக் கைகழுவி, மறுநாள் பொழுது விடிந்த பின்னரே வாய் திறந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் அடுப்பும் ஓய்ந்தது, வயிறும் ஓய்ந்தது. அதை அவர்கள் எடைக்காகச் செய்யவில்லை. உயிர்களின் மீதுள்ள தயையால் செய்தார்கள்.

பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. நம் அண்டை வீட்டு மருமகள் வேலைக்குச் செல்லும்போது இரண்டு சம்புடம் எடுத்துச் செல்கிறாள். ஒன்று பகலுணவு, மற்றொன்றில் இரண்டு சப்பாத்தியும் பயறும், அல்லது சாமை உப்புமாவும் வெள்ளரியும். மாலை ஐந்தேகாலுக்கு, மற்றவர் தேநீரும் சமோசாவும் கொள்ளும் வேளையில், இவள் தன் இரவுணவை முடித்துக்கொள்கிறாள். வீடு திரும்பியதும் நீர் மட்டும். முதல் வாரம் தோழியர் கேலி செய்தனராம். இப்பொழுது அவர்களுள் இருவர் அவளோடு சேர்ந்து உண்கின்றனர். அவர்கள் ஜைனரும் அல்லர்.

அடுத்தது வாகனம். கனரக வாகனம் செய்யும் ஊராகிய ஆவடியில் வாகன நியமம் பேசுவதைக் கேட்டு எவரும் நகைக்க வேண்டா. நம் முனிவர்கள் நடந்தே ஊர் ஊராகச் செல்கிறார்கள். அவர்களை எல்லை வரை சென்று வரவேற்கும் நாமோ, தெருக்கோடியில் பூ வாங்கவும் வண்டியை உதைக்கிறோம். ஒரு பட்சத்திற்கு ஒரு நியமம் கொள்ளுங்கள்: ஒரு கிலோ மீட்டருக்கு உட்பட்ட இடத்திற்கு வண்டி இல்லை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் சற்று விரைந்து நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. தசைக்கு வலிவு தரும் பயிற்சி வாரம் இருமுறை வேண்டும் என்றும் அது கூறுகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தலே முதியோர்க்குப் போதிய தொடக்கம்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அக்கரையில் நடைபாதை உண்டு, நீர்ப்பறவைகளும் வரும். இருள் பிரியுமுன் ஓடுகின்றவர்களைக் கண்டு நாமும் அவ்வாறு செய்ய வேண்டா. பொழுது புலர்ந்து தரை தெரிந்த பின் நடப்பதே நமக்கு உரியது. முனிவர்க்கு உரைத்த ஈரியா சமிதியில் நான்கு முழம் முன்னே பார்த்து நடத்தல் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு நுட்பமாக இல்லறத்தாரால் இயலாது எனினும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பதற்கும் தரையைப் பார்த்து நடப்பதற்கும் வேற்றுமை உண்டல்லவா? விழாமல் இருக்கவும் அது உதவும். ஐப்பசி மழையில் நத்தையும் மண்புழுவும் மரவட்டையும் பாதையெங்கும் ஊரும். அந்நாட்களில் மொட்டை மாடியில் அல்லது கூடத்திலேயே நடவுங்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்பவர்க்கு நடைபாதையே இல்லை என்ற குறை உண்மை. அவர்களும் உட்தெருக்களையும் மாடியையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

இவற்றால் பயன் உண்டா என்று ஐயுறுவார்க்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளராயினர். உணவைச் சீராக்கி நாள்தோறும் நடந்தவர்களில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை உண்டவர்களில் 40.5. மாத்திரைக்குச் சற்றும் குறையாத பயனைக் காலும் நாவும் தந்தன. இதில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி மற்றொன்று: அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! எடை இறங்காவிட்டாலும் பழக்கம் தன் வேலையை உள்ளே செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதே போன்ற பெரிய ஆய்வில் எடையும் குறைந்தது. அங்கும் வைத்த இலக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்குதான். நம் ஆவடிச் சகோதரிக்கு அது ஐந்து கிலோ. மாதத்தில் பத்துக் கிலோ இளைக்கலாம் என்று மின்கம்பந்தோறும் தொங்கும் விளம்பரத்தை நம்புவோர் இதனைச் சிந்திக்க.

எச்சரிக்கை ஒன்று. நீரிழிவிற்கோ இரத்தக் கொதிப்பிற்கோ மருந்து உண்பவர், கருவுற்றவர், பாலூட்டுபவர், சிறுநீரக நோயுடையவர், மெலிந்த முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசமோ உணவுக் குறைப்போ மேற்கொள்ளலாகாது. சில நீரிழிவு மருந்துகள், உணவில்லாதபோது சர்க்கரையை உயிருக்கே ஆபத்தாகும் அளவு தாழ்த்திவிடும். சமந்தபத்திரரையே குரு தடுத்தார் என்றால், மருத்துவர் தடுப்பதை நாம் ஏற்பதில் இழுக்கென்ன?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பருத்த பெண்ணைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் இளைத்தால் வரன் வரும்" என்று பந்தியில் வைத்துச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது சொல்லால் செய்யும் ஹிம்சை. அப்பெண் அன்றிரவு உண்ணாமல் படுப்பாள். மறுநாள் மறைவில் இருமடங்கு உண்பாள். நாற்பதாண்டில் இப்படிப்பட்ட மாணவியர் பலரைக் கண்டுள்ளோம். இளைத்தவரும் மகிழ்ந்து துள்ள வேண்டா. சமந்தபத்திரர் எண்ணிய எட்டு மதங்களில் இறுதியில் அருகருகே நிற்பவை தவத்தால் வரும் செருக்கும் உடலால் வரும் செருக்கும்.

சகோதரியிடம் மீண்டும் வருவோம். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அட்டமியன்று அடுத்த பதினைந்து நாளைக்கு ஒரே ஒரு நியமம் எழுதுவார். மருத்துவரிடம் காட்டிய பின்னரே தொடங்குவார். முதல் பட்சத்தில் எழுதியது, காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டி. அவ்வளவுதான். நமக்கே ஏமாற்றமாக இருந்தது. அடுத்து, சோறு இரண்டாம் முறை இல்லை. அது இரண்டு முறை முறிந்தது. முறிந்த நாளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு, பால் வாங்க நடை. பிறகு, வெற்றிலை பாக்குப் பையில் வரும் இனிப்பை அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தருதல். தசலட்சணம் வந்தபோது உபவாசம் ஏற்கவில்லை. மருத்துவர் இசைந்தபடி பத்து நாளும் ஒரு கவளம் குறைத்து உண்டார். அவ்வாண்டு அவருக்குப் பொன்னாடை இல்லை. அதில் சிறிது வருத்தம் இருந்ததை நாம் கண்டோம், அவரும் மறைக்கவில்லை.

மூன்றாண்டில் எடை 74-இலிருந்து 69-க்கு வந்தது. ஓராண்டு முழுதும் அரைக் கிலோகூட இறங்காமல் நின்றதும் உண்டு. அந்த ஆண்டில்தான் முழங்கால் மடங்கத் தொடங்கியது. முன்வரிசையில் பாய் விரித்து, நாற்பத்தெட்டு நிமிடம் சாமாயிகத்தில் அமரலானார். நோட்டு இப்போது மூன்றாவது.

சென்ற பங்குனியில் பொன்னூர்மலைக்குச் சென்றோம். குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கிப் பல்லாண்டு ஆகிவிட்டிருந்தது இருவருக்கும். படிகளில் நாம் நான்கு இடத்தில் அமர்ந்தோம். அவர் இரண்டு இடத்தில். உச்சியில் அவர் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, தாமே எழுந்தார். கை கொடுக்கப் போன நாம் கையை மடக்கிக்கொண்டோம். இறங்கி வருகையில் மணி ஐந்தரை. மரத்தடியில் அமர்ந்து, தூக்கிலிருந்த மூன்று இட்லியில் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவதை நம் கையில் வைத்தார். "சூரியன் இருக்கிறது, உண்ணுங்கள் அக்கா" என்றார்.